வேம்பின் சாட்சி

ஆவடிக்கு அருகே பருத்திப்பட்டு என்றோர் ஊர் இருக்கிறது. பெயரில் பருத்தி நிற்கிறது. நிலத்தில் அது இல்லை. அவ்வூர் ஏரி இன்று நகரவாசிகள் மாலையில் உலவும் பசுமைப் பூங்கா. தெற்கே சில கல் தொலைவில் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்று அதன் பெயரை விரித்துச் சொன்னால், அங்கே நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் காஞ்சி வரதனுக்குச் சுமந்து சென்றார் என வைணவ மரபு போற்றும் திருக்கச்சி நம்பி நினைவுக்கு வருவார். கிழக்கே அம்பத்தூர். 1949இல் சைக்கிள் ஆலையும், 1964இல் தொழிற்பேட்டையும் வந்தபின் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் பட்டறைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிய கதை நாம் அறிந்ததே.

நிலம் கைமாறும்போது பத்திரம் எழுதுகிறோம். அந்த நிலத்தில் உழைத்தவர் அறிந்திருந்தவை எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. எந்த இலையை இடித்து எந்த நாற்றுக்குத் தெளித்தால் கருகல் நிற்கும், எந்தப் புண்ணாக்கை எந்தப் பருவத்தில் இட்டால் வேர் அழுகாது என்பன போன்ற செய்திகள் நிலத்தோடு சேர்ந்தே மறைகின்றன. இதனால் என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு, 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேப்ப எண்ணெயைப் பற்றி நடந்த ஒரு வழக்கே விடை சொல்லும். அந்த வழக்கின் பொருள் விளங்கவேண்டுமானால், பூஞ்சணம் என்னும் எதிரியின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

பூச்சி தின்ற பயிரை உழவன் கண்ணால் காண்கிறான். பூஞ்சணமோ இலையில் புள்ளியாகவும் கதிரில் கருக்கலாகவும் வெளிப்படும்வரை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதன் வித்துகள் காற்றில் பறப்பவை. ஈரமான ஓர் இரவு கிடைத்தால் இலைமேல் முளைத்து உள்ளே இறங்கிவிடும். காலையில் புள்ளியைக் காணும்போது அது பலநாள் குடியிருந்த வீட்டின் கூரைப்புகையே தவிர, வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி அன்று.

அது வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் மஞ்சள் பொடி படிந்தது. துரு நோய் எனப்பட்ட அந்தப் பூஞ்சணம் அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தீவின் காப்பித் தொழிலையே அழித்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞர் நோயின் இயல்பை விளக்கினார். நிறுத்த அவராலும் இயலவில்லை. காப்பி இருந்த மலைகளில் தேயிலை ஏறியது. பருவத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையோடு லயங்களில் நிலையாகக் குடியேறினர். மலையகத் தமிழர் வரலாற்றில் ஒரு பூஞ்சணத்துக்கும் பங்குண்டு.

நெல்லுக்குக் குலைநோய் வந்தது. தஞ்சை டெல்டாவில் அது பெருமளவில் பதிவாகிய பின்னரே இந்திய வேளாண் துறை அதனை அஞ்சத் தொடங்கியது. 1942ஆம் ஆண்டு வங்காளத்தின் நெற்பயிரைச் செம்புள்ளி நோய் தாக்கியது. அடுத்த ஆண்டுப் பஞ்சத்துக்குப் போர்க்கால ஆட்சியின் பிழைகளும் விலையேற்றமும் பெருங்காரணங்கள் என்பதைப் பொருளியல் அறிஞர்கள் விரிவாகக் காட்டியுள்ளனர். எனினும் அந்த ஆண்டு விளைச்சலை அந்த நோய் எவ்வளவு குலைத்தது என்பதைப் பயிர்நோய் அறிஞர் எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது.

தாமிரமும் பாதரசமும்

இந்த எதிரிக்கு எதிரான முதல் பெரிய மருந்து ஓர் உழவர் தந்திரத்திலிருந்து பிறந்தது. பிரான்சின் போர்டோ பகுதியில், சாலையோரக் கொடிகளிலிருந்து திராட்சையைப் பறித்துத் தின்னும் வழிப்போக்கரை விரட்ட, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலைமேல் தெளித்து வைத்திருந்தனர். பார்ப்பதற்கு நஞ்சு போலத் தோன்றவேண்டும் என்பதே நோக்கம். சாலையோரக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882இல் மில்லார்டே என்னும் தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். அதுவே போர்டோக் கலவை. இன்றும் நம் பாக்குத் தோப்புகளில் அதனைத் தெளிக்கிறார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திராட்சைத் தோட்டக்காரரிடம் பொருள் இருந்தது. அது நோயைத் தடுக்கிறது என்னும் அறிவு இல்லை. பேராசிரியரிடம் கண் இருந்தது, பொருள் இல்லை. இரண்டும் சந்தித்து, எவ்வளவு, எப்போது, எந்த நோய்க்கு என்று எழுதப்பட்ட பின்னரே அது உலகத்தின் உடைமை ஆயிற்று.

தாமிரத்தின் பின் பாதரசம் வந்தது. விதை மூலம் பரவும் பூஞ்சணத்தை ஒழிக்க, விதையைப் பாதரசப் பொடியில் புரட்டி விதைப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் வழக்கமாயிற்று. அக்ரோசான், செரசான் என்னும் பெயர்களை நம் மூத்த உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் விலை ஈராக்கில் தெரிந்தது. 1971ஆம் ஆண்டின் இறுதியில், விதைப்பதற்கென்று பாதரசம் பூசி அனுப்பப்பட்ட தானியம் காலம் தவறி வந்துசேர, பசித்த குடியானவர்கள் அதனை அரைத்து ரொட்டி சுட்டார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர் 6,530 பேர். அங்கே இறந்தவர் 459 பேர். மருத்துவமனையை அடையாதவர்களின் கணக்கு இதில் இல்லை. இந்தியாவில் பாதரசப் பூஞ்சைக்கொல்லிகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, எஞ்சியிருந்த ஒன்றும் 2018இல் தடைசெய்யப்பட்ட 12 மருந்துகளின் பட்டியலில் சேர்ந்தது.

உயிரிகளின் வேதியியல்

நஞ்சில்லாத மருந்துக்கு எங்கே போவது? இயற்கையில் பூஞ்சணத்துக்குப் பகைவர் ஏராளம். மண்ணில் ஒரு பிடியை எடுத்தால் அதற்குள் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று வேதிப்பொருள்களால் தாக்கிக்கொண்டிருக்கின்றன.

ஜப்பானியர் அந்தப் போரைக் கூர்ந்து நோக்கினர். குலைநோய்க்குப் பாதரசம் தெளித்துவந்த நாடு அது. நாரா நகரின் கசுகா ஆலயத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து உமேசாவா குழுவினர் 1965இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அந்த ஆலயத்தின் பெயராலேயே கசுகமைசின் என்று அழைத்தனர். நெல்வயல்களிலிருந்து பாதரசம் வெளியேற அது துணைநின்றது. அதே காலத்தில் நம் நாட்டில், புனே அருகே பிம்ப்ரியில் அரசு நடத்திய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில், எம். ஜே. திருமலாச்சார் தலைமையில் மண்ணுயிரி ஒன்றிலிருந்து ஆரியோஃபஞ்சின் என்னும் பயிர்மருந்து 1964இல் உருவாயிற்று. பொதுத்துறை ஆய்வகம் ஒன்று இந்தியப் பயிர்நோய்களுக்கென்று தந்த கொடை அது. இன்று எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை உலகறியச் செய்த டி. எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும் 1950களில் பருத்தி வாடல் நோயை ஆராய்ந்தனர். வேருக்குள் நுழைந்த பூஞ்சணம் ஃபியூசாரிக் அமிலம் என்னும் நஞ்சைச் செடிக்குள்ளேயே சுரக்கிறது என்று அவர்கள் காட்டினர். நோய் என்பது வெறும் அழுகல் அன்று, வேதிப்பொருள்களின் மோதல் என்னும் பார்வை இங்கே வலுப்பெற்றது. பருத்தி பெயரில் மட்டும் எஞ்சிய ஊர்கள் நிறைந்த ஒரு நகரில், பருத்தியின் சாவைப் புரிந்துகொள்ளும் முயற்சி நடந்திருக்கிறது. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் எஸ். எஸ். ஞானமாணிக்கம், நெல்வேரைச் சுற்றி வாழும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியம் சுரக்கும் பொருள் குலைநோயைத் தடுப்பதைப் பிலிப்பைன்ஸ் நெல் ஆய்வாளர் மியூவுடன் சேர்ந்து 1992இல் வெளியிட்டார். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்தப் பாக்டீரியத்தை டால்க் பொடியில் கலந்து உழவர் கைக்குக் கொண்டுவந்தது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்பது இன்று சிற்றூர் உரக்கடைக்காரரும் சொல்லும் கணக்கு.

இயற்கைப் பொருளுக்கு இன்னொரு விதியும் உண்டு. பைன் மரத்தின் உதிர்ந்த கூம்புகளில் முளைக்கும் ஒரு சிறு காளான், தன் உணவைப் பிற பூஞ்சணங்கள் பறிக்காதிருக்க ஒரு பொருளைச் சுரக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஆங்கேயும் அவருடைய தோழர்களும் 1977இல் அதனைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரோபிலுரின் என்றனர். அது வெயிலில் சிதைந்துவிடும். எனவே பெருநிறுவனங்கள் அதன் கட்டமைப்பைச் சற்று மாற்றி, சிதையாத செயற்கைப் பொருள்களாக்கி 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தன. காளானின் வித்தை காப்புரிமை பெற்ற சரக்காயிற்று. இரண்டே ஆண்டில், 1998இல், ஜெர்மானியக் கோதுமை வயல்களில் சாம்பல் நோய்ப் பூஞ்சணம் அம்மருந்துக்கு அசையாத நிலையை அடைந்துவிட்டது. ஒரே அம்பை மறுபடி மறுபடி எய்தால் எதிரி கேடயம் செய்துகொள்வான். இயற்கையிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் இயற்கையின் இயல்போடு பயன்படும் என்று சொல்லிவிட முடியாது.

மியூனிக்கில் வேப்ப எண்ணெய்

இனி வேம்பு. திருவேற்காடு என்னும் ஊர்ப்பெயர் வேல மரத்தால் வந்தது என்பர். ஆனால் அங்குள்ள கருமாரியம்மன் கோயிலுக்குப் போகும் பெண்கள் கையில் ஏந்துவது வேப்பிலையே. வடமேற்கே பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை உடுத்தி வலம்வருவது நேர்த்திக்கடன். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், குதிருக்குள் நெல்லோடு வேப்பிலை போடுவதும், வயலுக்கு வேப்பம் புண்ணாக்கு இடுவதும் நாம் தலைமுறைகளாகக் கண்டவை.

அறிவியலின் ஏட்டில் வேம்பு ஏறியது படிப்படியாக. 1942இல் சலிமுஸ்ஸமான் சித்திகி வேப்ப எண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்து, பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். 1962இல் டில்லியில் வெட்டுக்கிளிகள் வந்திறங்கியபோது, வேப்பம் பருப்பை அரைத்துக் கரைத்துத் தெளித்த பயிரை அவை தீண்டவில்லை என்பதை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதான் காட்டினார். 1968இல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சியை விரட்டும் அந்த மூலக்கூறைச் செயற்கையாகக் கட்டியெழுப்பக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் ஆயின, 2007இல்தான் முடிந்தது. நம் தெருமுனை மரம் ஆண்டுதோறும் கொட்டை கொட்டையாக உதிர்த்துவிடுகிறது.

இந்தியாவுக்கு மரம் வாங்க வந்த ராபர்ட் லார்சன் என்னும் அமெரிக்க வணிகர் வேம்பைக் கண்டு வியந்து, அதிலிருந்து ஒரு பூச்சிமருந்து செய்து, 1985இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றார். பின்னர் அந்த உரிமையை டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் பெருநிறுவனத்துக்கு விற்றார். அந்நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து 1990இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் இட்டன. 1994 செப்டம்பரில் அது காப்புரிமையாயிற்று. அதன் எண் 436257.

வேம்புக்கே அமெரிக்கர் காப்புரிமை வாங்கிவிட்டனர் என்றுதான் நம் மேடைகளில் முழங்கினர். அது சரியன்று. காப்புரிமை மரத்தின் மீது அன்று. ஒரு முறையின் மீது. வேப்பங்கொட்டையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்த, அசாடிராக்டின் நீங்கிய எண்ணெயைக் குழம்பாக்கும் பொருள் சேர்த்து, நீரில் கலந்து தெளித்துச் செடியின் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறை அது. இந்திய உழவர் தம் வயலில் வேப்ப எண்ணெய் தெளிப்பதை அது தடுக்கவும் இல்லை. ஆனால் ஐரோப்பியச் சந்தையில் அம்முறையைப் பயன்படுத்தும் உரிமையை ஒருவர் கையில் ஒப்படைத்தது. பூச்சிக்கு எதிரியான பொருளை நீக்கிய பின்னும் எஞ்சிய எண்ணெய் பூஞ்சணத்துக்கு எதிராக நிற்கிறது என்பதே தம் கண்டுபிடிப்பு என்றனர். கேட்பதற்குக் கூர்மையான வாதம்தான்.

1995 ஜூனில் மூவர் எதிர்ப்பு மனு கொடுத்தனர். ஐரோப்பிய நாடாளுமன்றத்துப் பசுமைக் குழுவின் சார்பில் பெல்ஜியத்தின் மாக்டா ஆல்வூட், இந்தியாவிலிருந்து வந்தனா சிவா, பன்னாட்டு இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பின் சார்பில் லிண்டா புல்லார்ட். மூவரும் பெண்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 2000 மே 9, 10 ஆகிய நாள்களில் மியூனிக்கில் விசாரணை நடந்தது.

வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இந்தியர் பன்னூறு ஆண்டுகளாக வேம்பைப் பயன்படுத்துகின்றனர் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் காப்புரிமைச் சட்டம் பழமையைக் கேட்பதில்லை. அது குறிப்பான கேள்விகளைக் கேட்கும். எந்தப் பகுதியிலிருந்து எடுத்த சாறு? எந்தக் கரைப்பான்? எவ்வளவு நீருக்கு எவ்வளவு? எந்தப் பயிரில் எந்தப் பூஞ்சணம்? விண்ணப்ப நாளுக்கு முன்பே, பிறர் காணும்படி, அது நடந்ததா? பாட்டி வாசலில் செருகிய வேப்பிலை இக்கேள்விகளில் ஒன்றுக்கும் விடை சொல்லாது.

விடை சொன்னவர் அபய் பாட்கே என்னும் இந்திய வேளாண் நிறுவன நிர்வாகி. 1985, 1986 ஆண்டுகளில் மேற்கு மகாராஷ்டிரத்து வயல்களில், கரைப்பானால் எடுத்த வேப்பச் சாற்றைப் பயிரின் பூஞ்சண நோய்களுக்கு எதிராகத் தாம் சோதித்ததை அவர் நேரில் வந்து எடுத்துரைத்தார். எப்போது, எங்கே, எப்படி என்பதை எதிர்த்தரப்பின் குறுக்குக் கேள்விகளுக்கு இடையே சொல்ல அவரால் முடிந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகப் பயிர்நோய் அறிஞர் உதய் பிரதாப் சிங் துறைவல்லுநராக உடனிருந்தார். விசாரணையின் இரண்டாம் நாளிலேயே காப்புரிமை ரத்தாயிற்று. உரிமையாளர் மேல்முறையீடு செய்தனர். 2005 மார்ச் 8ஆம் நாள் அதுவும் தள்ளுபடியாயிற்று. அன்று உலக மகளிர் நாள் என்பதை மனுதாரர் மூவரும் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டனர்.

வெற்றி முழுமையானதன்று. அமெரிக்காவில் பெற்ற இணைக் காப்புரிமைகளை அத்தீர்ப்பு தொடவில்லை. அவை தம் காலம் முடியும்வரை இருந்தன. ஆயினும் ஒரு பெருநிறுவனத்தையும் ஒரு வல்லரசின் துறையையும் எதிர்த்து நின்ற அந்தச் சாட்சியில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. வேம்பைக் காத்தது நம் பழமை மட்டும் அன்று. ஒருவர் வயலில் இறங்கிச் சோதித்ததும், அதனைத் தேதியோடு சொல்ல முடிந்ததுமே அதனைக் காத்தன. மில்லார்டே திராட்சைத் தோட்டத்தில் செய்ததும் அதுதான்.

பழம்பெருமையும் பயனும்

பழமையைப் போற்றுபவரும் பழமையை எள்ளுபவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சுரபாலர் இயற்றிய 'விருட்சாயுர்வேதம்' சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நூல். அதன் சுவடி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்தது. பயிர்நோய் அறிஞர் ஒய். எல். நெனே செகந்திராபாத்தில் தொடங்கிய ஆசிய வேளாண் வரலாற்று நிறுவனம் நளினி சாதலேயின் மொழிபெயர்ப்போடு அதனை 1996இல் வெளியிட்டது. மரத்தின் நோய்களை வாதம், பித்தம், கபம் என்று அந்நூல் வகுக்கிறது. பூஞ்சணம் என்னும் கருத்தே அதில் இல்லை. எனவே நம் முன்னோர் பூஞ்சணவியல் அறிந்திருந்தனர் என்று கொண்டாடுவது பொருந்தாது. ஆனால் செடிக்குப் பால் வார்க்கச் சொல்கிறது அந்நூல். பிரேசில் நாட்டின் பெட்டியோல் என்னும் ஆய்வாளர், நீர்த்த பசும்பாலைத் தெளித்தால் பூசணி இனச் செடியின் சாம்பல் நோய் அடங்குவதை 1999இல் சோதனையால் காட்டினார். அவர் சுரபாலரைப் படித்துச் செய்தார் என்பதன்று நம் வாதம். பழைய நூல் விடையைத் தருவதில்லை. நல்ல கேள்விகளைத் தருகிறது. அதற்கே அதனைப் படிக்கவேண்டும்.

வேம்பைப் பற்றியும் இந்தத் தெளிவு வேண்டும். வேப்ப எண்ணெய் நோயுற்ற இலையைக் குணமாக்குவதன்று. இலைமேல் விழுந்த பூஞ்சண வித்து முளைக்காமல் தடுப்பதே அதன் பெருந்தொழில். ஆதலால் நோய் வருமுன் தெளிக்கவேண்டும். வெயில் அதனைச் சிதைக்கும், மழை அதனைக் கழுவும். ஆதலால் மாலையில் தெளிக்கவேண்டும், மீண்டும் தெளிக்கவேண்டும். எண்ணெய் நீரோடு கலவாது. ஆதலால் சோப்புக் கரைசல் வேண்டும். 3 விழுக்காடு என்றால் ஒரு லிட்டருக்கு 30 மில்லி. கூடினால் இலை கருகும். விரைந்து சிதைவதே அதன் குறை; மண்ணிலும் நீரிலும் நஞ்சாகத் தங்காததால் அதுவே அதன் நிறை. பாதரசத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குறையின் அருமை விளங்கும்.

நெல்லின் இலையுறை அழுகல் நோய்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேப்ப எண்ணெயோடு வேறு இரண்டு தாவரங்களையும் பரிந்துரைக்கிறது. ஒன்று நெய்வேலிக் காட்டாமணக்கு. மற்றொன்று சீமைக் கருவேலம். எக்டருக்கு 25 கிலோ இலைப்பொடியின் சாற்றைக் கண்ணாடி இலைப் பருவத்தில் ஒருமுறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கச் சொல்கிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகளை அறிந்தவர்களுக்கு இவ்விரு செடிகளையும் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. பாசனம் அற்று, தூர்ந்து, கழிவுநீர் தேங்கிய கரைகளில் முதலில் வந்து குடியேறுபவை அவையே. வயலைக் காக்கக்கூடிய மருந்து ஏரியில் மண்டிக்கிடக்கிறது; ஏரிக்குக் கீழே வயல்தான் இல்லை.

எழுதாத ஏடு

மஞ்சள் வழக்கிலும் வேம்பு வழக்கிலும் பட்ட அறிவால், இந்தியா 2001இல் மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியது. பழைய நூல்களின் செய்திகளை உலகக் காப்புரிமை அலுவலகங்கள் படிக்கும் மொழிகளில் அது தருகிறது. ஆனால் அதில் இடம்பெறுவன பெரும்பாலும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவ நூல்களும் யோகமுமே. பயிருக்கு மருத்துவம் பார்த்த உழவனின் அறிவு நூலில் இல்லாதது. ஆகவே நூலகத்திலும் இல்லை.

அதற்கென்று வேறோர் ஏடு சட்டத்தில் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு குழுவை அமைத்து, தன் எல்லைக்குள் உள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இச்சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் 2003 முதல் நம் சென்னையிலேயே இருக்கிறது. சிற்றூர்களுக்கு மட்டுமன்றி, 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்த அம்பத்தூருக்கும், 2019இல் மாநகராட்சியான ஆவடிக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும் இக்கடமை உண்டு. நகரத்தில் என்ன பல்லுயிர், என்ன மரபறிவு என்று நினைப்போம். நகரத்தில்தான் முதலில் எழுதவேண்டும். இங்கேதான் அது முதலில் மறைகிறது.

செம்பரம்பாக்கம் ஏரிநீரில் நெல் விளைவித்தவர்களும், பூந்தமல்லிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர்களும் இன்று முதியவர்கள். நிலத்தை விற்றோ இழந்தோ அடுக்ககங்களின் திண்ணையில்லாத வீடுகளில் மக்களோடு இருக்கிறார்கள். மல்லிகை இலையில் புள்ளி விழுந்தால் எதைக் கரைத்துத் தெளித்தீர்கள், எந்த மாதம், ஒரு குடத்துக்கு எவ்வளவு, கேட்டதா, எத்தனை நாளில் கேட்டது, கேளாமற்போன ஆண்டு எது என்று யாரேனும் அவர்களைக் கேட்கவேண்டும். கேளாமற்போனதையும் எழுதவேண்டும், தோல்வியைச் சொல்லாத ஏட்டை எந்த நீதிமன்றமும் நம்பாது, அடுத்த உழவனும் நம்பமாட்டான். எழுதியவற்றைப் பல்கலைக்கழகங்கள் சோதிக்கட்டும். பொய்த்தவை உதிரட்டும்; நின்றவை எல்லோருக்கும் உரியவையாகட்டும்.

மியூனிக் வழக்கில் நமக்கு ஒரு சாட்சி கிடைத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் வயலில் செய்ததைச் சொல்ல அவர் உயிரோடு இருந்தார்; குறிப்புகளோடும் இருந்தார். அடுத்த வழக்கு வேம்பைப் பற்றியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. நொச்சியோ, ஆடாதோடையோ, ஏரிக்கரைக் காட்டாமணக்கோ எதுவாகவும் இருக்கலாம். அப்போது எழுந்து நிற்க ஒருவர் இருப்பாரா என்பது, பருத்திப்பட்டிலும் பூந்தமல்லியிலும் எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் நாம் இப்போது போய் உட்காருகிறோமா என்பதைப் பொறுத்தது.